பழைய வாகனம் விற்பவர் கவனத்திற்கு

 

தொழுகை, நோன்பு பற்றிய ஐயங்களைக் கேட்க மக்கள் உலமாக்களைத் தேடி வருகிறார்கள். ஒளுவில் விரல் இடுக்கு நனையாமல் போனால் தொழுகை கூடுமா என்று கவலையோடு கேட்கிறார்கள். நல்லது, கேட்க வேண்டியதுதான். ஆனால் மூன்று லட்ச ரூபாய்க்கு ஒரு பொருளைக் கைமாற்றும்போது, இந்த வியாபாரம் கூடுமா, கூடாதா என்று கேட்டு வருகிறவர் மிகவும் அபூர்வம். உண்ணும் உணவும் உடுத்தும் உடையும் அந்த வியாபாரப் பணத்திலிருந்துதானே வருகின்றன! அது சுத்தமாக இல்லையென்றால் ஒளுவின் சுத்தத்தால் என்ன பயன்? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

அப்படி அபூர்வமாகக் கேட்டு வந்த ஓர் இளைஞரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இளைஞர் கேட்ட மூன்று கேள்விகள்

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் வந்து என் அருகில் அமர்ந்தார். அரபு நாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் சங்கரன்கோவில் விசைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவரும் இரண்டு தறி வாங்கிப் போட்டுப் பிழைக்கலாம் என்று எண்ணியிருக்கிறார். கையில் பணம் போதவில்லை. ஆகவே காரை விற்க முடிவு செய்திருக்கிறார்.

அது 2014ம் ஆண்டு மாடல் டீசல் கார். ஆசை ஆசையாக அதை மாற்றியமைத்திருந்தார். வெள்ளை நிறம் கறுப்பாகியிருந்தது. அகல டயரும் அலாய் வீலும் போட்டிருந்தார். வண்டி தாழ்ந்து நிற்பதற்காக ஸ்பிரிங்கை வெட்டியிருந்தார். சைலன்ஸரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டியிருந்தார். முன்னால் கனமான இரும்புக் கம்பி, உள்ளே பெரிய ஸ்பீக்கர், புதிய சீட்டு எல்லாம் இருந்தன. இவற்றுக்கு மட்டும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் செலவு.

"ஹஜ்ரத், வண்டியோட விலை மூணு லட்சத்துப் பத்தாயிரம்னு சொல்றாங்க. என் செலவையும் சேர்த்து நாலு லட்சத்து எண்பதாயிரம் கேட்கலாமா? இது ஒண்ணு. ராஜபாளையம் ரோட்டுல ஒருதரம் புளியமரத்துல மோதி முன்பக்கம் ஒடுங்கிப் போச்சு. டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சாச்சு. பார்த்தா தெரியாது. அதைச் சொல்லித்தான் ஆகணுமா? புரோக்கர் சொல்லாதேங்கிறார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, மீட்டரை எழுபதாயிரத்துக்குத் திருப்பித் தர்றேன்னும் சொல்றார். மூணாவது, 'உள்ளது உள்ளபடி, பிறகு எந்தக் கேள்வியும் கிடையாது'ன்னு சொல்லி வித்துட்டா என் பொறுப்பு தீர்ந்துடுமா?"

கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டார். பதில் சொல்லுமுன் எனக்கே ஒரு பழைய நினைவு வந்தது. அதை மறைத்துவிட்டுப் பிறருக்கு உபதேசம் செய்வது முறையல்ல என்பதால் முதலில் அதைச் சொல்லி விடுகிறேன்.

என் கையால் நடந்த பிழை

மத்ரஸாவில் ஓதி முடித்து ஊர் வந்த புதிதில் என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதன் பின் பிரேக் சில வேளை பிடிக்கும். சில வேளை பிடிக்காது. எனக்கு அது பழகிப் போயிருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பூ வியாபாரிக்கு அதை விற்றேன். அவர் மாற்று மதச் சகோதரர். "ஹஜ்ரத்து ஓட்டின வண்டி" என்ற நம்பிக்கையில் அவர் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் சென்றிருக்கும். விடியற்காலையில் பூக்கூடையோடு மார்க்கெட்டுக்குப் போனவர் வளைவில் விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அன்று பஜ்ருத் தொழுகையில் என் மனம் நிலை கொள்ளவில்லை. வீடு தேடிச் சென்று, "பிரேக் பழுது எனக்குத் தெரியும், நான்தான் சொல்லாமல் விட்டேன்" என்றேன். அவரோ, "நீங்க என்ன பாய் செய்வீங்க, பழைய வண்டின்னா அப்படித்தானே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மருத்துவச் செலவையும், விலையில் மூவாயிரம் ரூபாயையும் கொடுத்துவிட்டு வந்தேன். கை கூடிவிட்டது. ஆயினும் அந்த மூன்று மாதம் அவர் பூக்கட்ட முடியாமல் இருந்ததை என்னால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

நான் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஷரீஅத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பதைக் கிதாபில் ஓதியிருந்தும், கையில் காசு வரும்போது மறந்து போனேன். வாங்குகிறவர் முஸ்லிமா, மாற்று மதத்தவரா என்பதில் இந்தச் சட்டம் மாறுவதில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

முதல் கேள்வி: விலை எப்படி வைப்பது?

வியாபாரம் இருவரின் மனப்பொருத்தத்தோடு நடக்க வேண்டும் என்பது திருக்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 29ம் வசனம் தரும் அடிப்படை. லாபத்துக்கு இவ்வளவுதான் என்று ஷரீஅத் ஒரு வரம்பு கட்டவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் வேண்டினார்கள். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கி வரும்படி ஒரு தீனாரைக் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டு வந்து கொடுத்தார். அண்ணலார் அவருக்கு பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள். புகாரி ஷரீபில் இது பதிவாகியுள்ளது.

ஆகவே இளைஞர் நான்கு லட்சத்து எண்பதாயிரம் என்று வாயால் கேட்பது ஹராம் அல்ல. ஆனால் அந்த விலைக்கு அவர் சொல்லப் போகும் காரணத்தில்தான் மார்க்கம் நுழைகிறது. "எனக்கே நாலே முக்காலுக்கு அடக்கம் அண்ணாச்சி, லாபமே இல்லை" என்று சொல்லி விற்றால் அது ஃபிக்ஹில் முராபஹா, தவ்லியா என்னும் வகையைச் சேரும். வாங்குகிறவர் நம் வாக்கை நம்பி விலைக்கு ஒப்புகிறார். அங்கே ஒரு ரூபாய் கூட்டிச் சொன்னாலும் துரோகம்.

இதில் ஹனபீ மத்ஹபின் இமாம்கள் காட்டியிருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். ஒருவர் துணி வாங்கிச் சாயம் ஏற்றினார், பூவேலை செய்தார். அந்தக் கூலியை விலையோடு சேர்க்கலாமா? சேர்க்கலாம். ஆனால் "இவ்வளவுக்கு வாங்கினேன்" என்று சொல்லக் கூடாது; "இவ்வளவுக்கு எனக்கு அடங்கியிருக்கிறது" என்றே சொல்ல வேண்டும். முன்னது பொய், பின்னது மெய். தன் கையால் செய்த வேலைக்குக் கூலி போட்டு அடக்க விலையில் சேர்ப்பதும் கூடாது என்று ஷாபிஈ கிதாபுகளில் காணலாம். சாயம் ஏற்றிய துணிக்கும் நிறம் மாற்றிய காருக்கும் என்ன வேற்றுமை?

இதெல்லாம் அடக்க விலை சொல்லி விற்பதற்கு. அடக்கம் சொல்லாமல் பேரம் பேசி விற்பதானால் செலவுக் கணக்கே தேவையில்லை. அங்கே பார்க்க வேண்டியது சந்தை மதிப்பு. செலவு வேறு, மதிப்பு வேறு. நம் ஆசைக்காகச் செய்த செலவை அடுத்தவர் தலையில் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

நம்பகமான ஒரு மெக்கானிக்கை அழைத்து இளைஞரோடு உட்கார வைத்தேன். அவர் போட்ட கணக்கு இதுதான்: மாற்றம் எதுவும் செய்யாத இதே ஆண்டு வண்டி நம் பக்கத்தில் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் போகும். புதிய டயர், சீட்டு, ஸ்பீக்கர் ஆகியவற்றை விரும்புகிறவர் முப்பத்தைந்தாயிரம் வரை கூடக் கொடுப்பார். சைலன்ஸர், ஸ்பிரிங், கம்பி, நிறம் ஆகியவற்றைச் சரி செய்ய முப்பதாயிரம் ஆகும்; அதைக் கழிக்க வேண்டும். மோதிய குறைக்காக இன்னும் இருபதாயிரம் கழிக்க வேண்டும். ஆக இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம்! இளைஞரின் முகம் வாடிவிட்டது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் செலவழித்து வண்டியின் மதிப்பைக் குறைத்திருக்கிறார் என்பதுதான் உண்மை.

மாற்றமே குறையாகும் இடம்

வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே 'ஐபு', அதாவது குறை என்று இமாம் குதூரீ (ரஹ்) அவர்கள் வரையறுத்துள்ளார்கள். ஆகவே உடைந்தது, துருப்பிடித்தது மட்டும்தான் குறை என்று எண்ண வேண்டாம். பார்ப்பதற்கு அழகாக இருப்பதும் குறையாகலாம். எப்படி?

நமது நாட்டில் 1988ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு முரணாக, தயாரித்த நிறுவனம் அமைத்ததை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்து தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். நிறம் மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. கேஸ் கிட் பொருத்துவதானால் அங்கீகரிக்கப்பட்ட கிட்டாக இருக்க வேண்டும்; ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் அது ஏற வேண்டும்.

வாங்குகிறவர் இதை அறியாமல் வாங்கினால் என்ன ஆகும்? முதல் சோதனையில் அபராதம் கட்டுவார். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். ஸ்பிரிங் வெட்டிய வண்டி வளைவில் எப்படி நடந்து கொள்ளும் என்பது பழகிய கைக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. ஆகவே இத்தகைய மாற்றங்கள் அனைத்தும் சொல்லியே தீர வேண்டிய குறைகள்.

இரண்டாம் கேள்வி: குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஆம்! இதில் இமாம்களுக்கிடையே கருத்து வேற்றுமை இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் உள்ளது. அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை. வாங்குபவரிடம் பொய்யும் சொல்லவில்லை. உலர்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவே. பட்டி போட்டுப் பெயிண்ட் அடிப்பது வேறென்ன?

வாகனத்துக்கே பொருந்தும் ஒரு நிகழ்ச்சி முஸ்னது அஹ்மதில் வருகிறது. வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்களின் இருப்பிடத்தில் ஒருவர் ஒட்டகம் வாங்கிக் கொண்டு புறப்பட்டார். வாஸிலா (ரலி) விரைந்து வந்து அவரை நிறுத்தினார்கள். அதிலுள்ளதை உமக்குச் சொன்னார்களா என்று கேட்டார்கள். நல்ல கொழுத்த ஒட்டகமாகத்தானே தெரிகிறது என்றார் வாங்கியவர். இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று வினவ, ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்றார் அவர். அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடும், இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்றார்கள். விற்றவர் கோபித்துக் கொண்டார். குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது. அதை அறிந்த மற்றவரும் சொல்லாமலிருப்பது ஆகாது என்று பெருமானாரிடம் தாம் கேட்டிருப்பதாக வாஸிலா (ரலி) அவர்கள் அறிவித்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, பொருள் எதற்குப் பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்துக் குறையின் கனம் கூடும். ஊருக்குள் கடைக்குப் போய்வர வாங்குகிறவருக்கும், கர்ப்பிணி மகளை ஏற்றிக் கொண்டு திருநெல்வேலிக்குப் போகப் போகிறவருக்கும் பிரேக் குறை ஒன்றல்ல. இரண்டாவது, பொறுப்பு விற்பவருக்கு மட்டுமல்ல. வண்டியை அறிந்த மெக்கானிக், புரோக்கர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் உண்டு. "நமக்கேன் வம்பு" என்பது இங்கே செல்லாது.

மீட்டரைத் திருப்புவது இன்னும் கேடானது. ஆட்டை விற்குமுன் சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, நிறையப் பால் தருவது போலக் காட்டுவதைப் பெருமானார் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக் கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம் பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமை தந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் இதே வரிசையில் மேலும் சிலவற்றைச் சேர்க்கிறார்கள்: தண்ணீரால் சுழலும் ஆலைக்கு வரும் நீரைத் தேக்கி வைத்து, விற்கும் நேரத்தில் திறந்து விட்டு ஆலை வேகமாக ஓடுவதாகக் காட்டுவது; நரைத்த தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசி இளமையாகக் காட்டுவது. ஏறத்தாழ எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த அந்த மேதை இன்றைய கார் சந்தையைப் பார்த்தா எழுதினார்கள்? மீட்டரைத் திருப்புவது, புகை தெரியாமலிருக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றுவது, ஆயில் கசிவு தெரியாமலிருக்க இன்ஜினைக் கழுவித் துடைத்து நிறுத்துவது எல்லாம் அந்த வரிசைதான்.

விற்பவர், வாங்குபவர் இருவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிந்து போகும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்தாகும்.

மூன்றாம் கேள்வி: 'உள்ளது உள்ளபடி' என்றால் போதுமா?

நம் தமிழகத்தில் ஹனபீகளும் ஷாபிஈகளும் கலந்தே வாழ்கிறோம். ஆகவே இரு மத்ஹபுகளையும் சொல்கிறேன்.

எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு விற்பதை ஹனபீ மத்ஹப் செல்லும் என்கிறது. வாங்கியவர் அதை ஒப்புக் கொண்டபின் குறை சொல்லித் திருப்ப முடியாது. ஷாபிஈ மத்ஹபிலோ இந்த நிபந்தனை ஓரிடத்தில்தான் பலிக்கும்: உயிர்ப் பிராணியின் உள்ளே மறைந்திருந்து, விற்றவருக்கே தெரியாதிருந்த குறைக்கு மட்டும். கார் உயிர்ப் பிராணியல்ல. ஆகவே பொத்தாம் பொதுவாக 'உள்ளது உள்ளபடி' என்பது ஷாபிஈ சட்டப்படி விற்பவரைக் காப்பாற்றாது.

ஹனபீகள் இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். வழக்கு மன்றத்தில் தப்புவது வேறு, அல்லாஹ்விடம் தப்புவது வேறு. தெரிந்த குறையை மறைத்துவிட்டு இந்த வாசகத்தைக் கேடயமாகப் பிடிப்பவரின் பாவம் எந்த மத்ஹபிலும் நீங்காது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி உள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், அக்கால வழக்கப்படி தம் அடிமை ஒருவரை இந்த நிபந்தனையோடு எண்ணூறு திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், அடிமைக்கு நோய் இருந்ததைச் சொல்லவில்லை என்று கலீபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். விற்கும்போது நோயை அறியவில்லை என்று சத்தியம் செய்யும்படி கலீபா கூறினார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். பின்னர் அவர் குணமடைந்து ஆயிரத்து ஐநூறு திர்ஹத்துக்கு விலை போனார். நிபந்தனை இருந்தும் கலீபா கேட்டது ஒன்றைத்தான்: உமக்குத் தெரியுமா, தெரியாதா? இதே கேள்வி நாளை மஹ்ஷரில் நம்மையும் பார்த்துக் கேட்கப்படும்.

ஆகவே சரியான முறை என்ன? தெரிந்த குறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். அதன்பின், எனக்குத் தெரியாதது இருந்தால் நீங்களே மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று வண்டியை ஒப்படைத்துப் பார்க்க விட வேண்டும்.

வாங்கியபின் குறை தெரிந்தால்

வாங்கியவருக்கும் சில ஒழுங்குகள் உண்டு. வாங்குவதற்கு முன்பே இருந்த குறை பிறகு வெளிப்பட்டால், வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அல்லது பேசிய விலைக்கே வைத்துக் கொள்ளலாம். ஷாபிஈ மத்ஹபில், தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். குறை தெரிந்தபின் நான்கு நாள் கல்யாண வீட்டுக்கு ஓட்டிவிட்டு ஐந்தாம் நாள் கொண்டு வந்தால் உரிமை போய்விடும். திருப்பிக் கொடுப்பதற்காகவே, வேறு வழியின்றி ஓட்டி வந்தால் குற்றமில்லை. ஹனபீ மத்ஹபில் தாமதத்தால் மட்டும் உரிமை போகாது. ஆனால் குறையை அறிந்தபின் திருப்தியைக் காட்டும் விதமாகப் பயன்படுத்தினால் போய்விடும்.

வாங்கியவரிடம் வந்தபின் புதிதாக இன்னொரு சேதம் ஏற்பட்டிருந்தால் அவர் கட்டாயப்படுத்தித் திருப்ப முடியாது. அப்போது பழைய குறைக்குரிய ஈட்டுத்தொகை கேட்கலாம். அதன் கணக்கு இப்படி: குறையில்லாத வண்டியின் மதிப்பு மூன்று லட்சம், அந்தக் குறையோடு இரண்டு லட்சத்து எழுபதாயிரம் என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு. வாங்கியவர் கொடுத்த விலை இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இருபத்தெட்டாயிரம் ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். மதிப்பைச் சொல்ல இரண்டு நேர்மையான அனுபவசாலிகளை வைத்துக் கொள்வது நல்லது.

ஏமாந்து போவோம் என்று அஞ்சுகிறவர் முன்கூட்டியே மூன்று நாள் தவணை பேசிக் கொள்ளலாம். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்னும் தோழர் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்து போவார். ஏமாற்று இருக்கலாகாது என்று சொல்லி வாங்கும்படி பெருமானார் அவருக்குக் கற்றுக் கொடுத்து, மூன்று நாள் உரிமையும் அளித்தார்கள். வண்டி பேசும்போதே, மூன்று நாள் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று நிபந்தனை வைப்பது இரு மத்ஹபிலும் ஆகும்.

புரோக்கரும் அட்வான்ஸும்

புரோக்கர் கூலி பெறுவது ஆகுமானது. ஆனால் கூலி இவ்வளவு என்று முன்பே பேச வேண்டும். மூன்று லட்சத்துக்கு விற்றுத் தரும்படி உரிமையாளர் கூற, புரோக்கர் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு விற்றுவிட்டு இருபதாயிரத்தை மறைத்துக் கொண்டால் அது மோசடி. கூடுதல் தொகை உரிமையாளருக்கே உரியது. மேலே சொன்ன உர்வா (ரலி) அவர்கள் மிஞ்சிய தீனாரைத் தாம் வைத்துக் கொள்ளவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரை நிறுத்தி, "நான் இவ்வளவு தருகிறேன்" என்று விலையை ஏற்ற வைப்பது நஜ்ஷு எனப்படும். அது ஹராம். ஒருவர் பேசி முடித்த வண்டிக்குக் குறுக்கே போய் இன்னொருவர் பேரம் பேசுவதும் தடுக்கப்பட்டுள்ளது.

அட்வான்ஸ் கொடுத்தவர் பின்வாங்கினால் அதை விழுங்கிவிடுவது நம்மிடையே சகஜமாகிவிட்டது. ஹனபீ, ஷாபிஈ, மாலிகீ மத்ஹபுகளில் இது கூடாது. ஹன்பலீ மத்ஹபில்தான் அனுமதி உண்டு. ஆகவே நாம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே பேணுதலானது.

கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்து தடையில்லாச் சான்று வாங்குமுன், அல்லது கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி, விற்கக் கூடாது. அடகில் உள்ள பொருளில் அடகு பெற்றவருக்கும் உரிமை உண்டு என்பது மார்க்கச் சட்டம்; நாட்டுச் சட்டமும் அதுவே.

எழுத்தும் பெயர் மாற்றமும்

பெருமானார் (ஸல்) அவர்களே அத்தாஃ இப்னு காலித் (ரலி) அவர்களோடு நடந்த ஒரு வியாபாரத்துக்குப் பத்திரம் எழுதச் செய்து, அதில் பொருளில் குறையில்லை, மோசடியில்லை என்ற விவரத்தையும் சேர்த்தார்கள். நாமும் ஒரு தாளில் வண்டி எண், விலை, தேதி, சொல்லப்பட்ட குறைகள், மாற்றங்கள் அனைத்தையும் எழுதி, இரு சாட்சிகளோடு கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் மனக்கசப்பு வராது.

சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதும் ஷரீஅத்படி வியாபாரம் முடிந்தது. ஆனால் பெயர் மாற்றாமல் விட்டால் ஆபத்து விற்றவருக்குத்தான். விற்றபின் பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்றவும் வாங்கியவர் பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 29, 30ம் எண் படிவங்களை வெறுமையாகக் கையெழுத்திட்டு புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

இளைஞர் என்ன செய்தார்?

அன்று எழுந்து போனவர் பத்து நாள் கழித்து வந்தார். பழைய சைலன்ஸரும் ஸ்பிரிங்கும் வீட்டுப் பரணில் கிடந்திருக்கின்றன. அவற்றைத் திரும்பப் பொருத்தி, கம்பியைக் கழற்றி, நிற மாற்றத்தைப் பதிவதற்கும் விண்ணப்பித்திருந்தார். இருபத்திரண்டாயிரம் செலவு. மோதியதையும் உண்மையான கிலோமீட்டரையும் வந்தவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். முதலில் வந்த இருவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புரோக்கர் கோபித்துக் கொண்டார். மூன்றாவதாக வந்தவர் மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டு மூன்று லட்சத்து ஐயாயிரத்துக்கு வாங்கிக் கொண்டார். தாள் எழுதிக் கையெழுத்தும் ஆனது.

இரண்டு தறிக்கு அந்தப் பணம் போதவில்லை. "ஒரு தறிதான் ஹஜ்ரத்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, மறைப்பானேன்? உண்மை சொன்னால் உடனே கூடுதல் பணம் வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு தறியின் ஓசையைக் கேட்டு அவர் நிம்மதியாகத் தூங்கலாம். வண்டியை வாங்கியவரின் வீட்டிலிருந்து என்ன செய்தி வருமோ என்று, நான் ஒரு பஜ்ரில் நடுங்கியது போல அவர் நடுங்க வேண்டியதில்லை.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காகப் பணியாள் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து வந்தபோது, அதன் மதிப்பு இன்னும் அதிகம் என்று விற்பவரிடம் தாமே சொல்லி, எண்ணூறு வரை ஏற்றிக் கொடுத்தார்கள் என்று வருகிறது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகப் பெருமானாரிடம் அவர்கள் பைஅத் செய்திருந்தார்கள். விற்பவர் குறையைச் சொல்ல வேண்டும். வாங்குபவர் விற்பவரின் நெருக்கடியைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்கு இறக்கக் கூடாது. இரு பக்கமும் நலம் நாடுவதுதான் இஸ்லாமிய வியாபாரம்.

இல்லத்தரசிகளான சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு பழைய வண்டியோ, தையல் மெஷினோ, ஃபிரிட்ஜோ விலைக்குப் போகும்போது, "அந்தக் குறையைச் சொன்னீர்களா?" என்று கணவரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி வீட்டுக்குள் வரும் உணவைச் சுத்தப்படுத்தும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான சம்பாத்தியத்தையும், அதில் பரக்கத்தையும், உண்மை சொல்லும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.